சின்ன வண்டிக்குப் பெரிய ஆயில் ஃபில்டர்

புதன்கிழமை மதியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நீ விட்டுவிட்டுப் போன சின்ன வண்டி, மூன்று பேரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய், காய்ச்சல் நூற்று மூன்றில் நின்றாலும் அப்படித்தான் எழுதுவாய் என்று இப்போது தெரிந்துபோனதால், தெர்மாமீட்டர் வாங்கினாயா என்று மட்டும் கேட்கிறேன். வாங்கினாயா? கண்ணாடியில் வருவதை வாங்காதே, கீழே போட்டு உடைப்பாய், சின்ன வயதிலிருந்தே உன் கையில் எதுவும் நின்றதில்லை. பட்டனை அழுத்தினால் எண் வருமே, அதை வாங்கு. வாங்கினால் மட்டும் போதாது, உடம்பு சுடும்போது எடுத்து வைத்தும் பார்க்க வேண்டும். முப்பது வருஷமாக ஊர் உலகத்துக்கெல்லாம் நர்ஸாக ஓடுகிறவள் பெற்ற பெண், பதினோரு நாள் காய்ச்சலில் தனியாகக் கிடந்துவிட்டு, எல்லாம் சரியான பிறகு பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். அதற்காகப் போனிலேயே திட்டித் தீர்த்துவிட்டேன், மறுபடி ஆரம்பிக்கவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். பேசுங்கள் என்று நீட்டினால் வேண்டாம் என்று தலையை ஆட்டுவார், ஆனால் இடத்தை விட்டு நகரவும் மாட்டார். அவரைப் பற்றிய பேச்சை அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது. அதனால்தான் கட்டு மாற்றிய வீட்டுக்கும் ஊசி போட வேண்டிய வீட்டுக்கும் நடுவில், உன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்டியரிங்கைக் குறை சொல், என்னைச் சொல்லாதே.

முதலில் வீட்டு விஷயம். உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நேற்று வந்து திரைச்சீலை நிறம் நம் சுவருக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மேல் வீட்டு வாத்தியார் வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. லிஃப்ட் மறுபடி ரிப்பேர், நாலு மாடியும் படிதான். எனக்கு அது நல்லது என்று அப்பா சொல்கிறார், உங்களுக்கும்தான் என்று நான் சொல்கிறேன். எனக்கு இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்பது வீடு, எல்லாம் படுத்த படுக்கையாக இருப்பவர்கள். உன் வண்டி இல்லாவிட்டால் ஐந்துக்கு மேல் முடியாது. நீ ரயில் ஏறின அன்று சாவியை என் பைக்குள் போட்டுவிட்டு ஓடினாயே, அன்றைக்கு உன்னைத் திட்டினேன். மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன், நல்ல காரியம் செய்தாய்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். ரிட்டையர் ஆகிப் பத்து மாதம் ஆகப்போகிறது. அதில் முதல் எட்டு மாதமும் அந்த ஜன்னல் ஓர நாற்காலிதான். பேப்பர் மடிப்புக் கலையாமல் மடியில் கிடக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போதும் என்பார், மறுபடி போய் உட்காருவார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாத மனிதர்கள் இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே படுக்கைக்குப் போனதை எத்தனையோ வீட்டில் பார்த்தவள் நான். உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. நீ காய்ச்சலைச் சொல்லாத மாதிரிதான், இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நீ வெளியே தேட வேண்டியதில்லை.

அப்படிக் கிடந்தவர் ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்து, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டிச் சாவி குடு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இவருக்குத்தான் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாதே. ஓட்ட இல்ல, திறந்து பார்க்க என்றார். அன்று முதல் தினமும் நான் வேலை முடித்து வந்ததும் என்னையும் வண்டியையும் தெருமுனை மெக்கானிக் கடைக்குக் கூட்டிப் போய்விடுவார். நாம் அவசரம் என்று பேர் வைத்தோமே, ஒரு பல்பு மாற்ற ஒரு பொழுது எடுத்துக்கொள்வாரே, அவர் கடைதான். அங்கே வண்டிக்கு அடியில் வெட்டியிருக்கிற குழியில் அப்பா இறங்கி நின்று வண்டியின் வயிற்றை அண்ணாந்து பார்ப்பார். மேலே வரும்போது சட்டையெல்லாம் கரி, முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது. துணி துவைக்கிற கஷ்டம்கூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஃபில்டர் பூதம் கிளம்பியது. வண்டியில் இன்ஜின் ஆயிலை வடிகட்ட ஒரு டப்பா இருக்கிறது, ஒரு டம்ளர் அளவுதான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே கம்பெனியின் சரக்கு வேனுக்குப் போடுகிற பெரிய டப்பாவைப் போட வேண்டும் என்கிறார். மரை ஒன்றுதான், ரப்பர் வளையமும் ஒரே அளவு, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கின் அழுத்தம்கூட ஒன்றுதானா என்று உதிரிபாகக் கடைக்காரரை மூன்று தடவை கேட்டு, அவர் கும்பிட்டு அனுப்பிவைத்திருக்கிறார். பெரியதில் வடிகட்டுகிற காகிதம் அதிகம், அழுக்கை அதிகம் பிடிக்கும், ஆயிலும் அரை டம்ளர் கூடப் பிடிக்கும், இன்ஜின் சூடு தாங்கும் என்று எனக்குப் பாடம் நடத்துகிறார். கையோடு ஒன்று வாங்கியும் வந்துவிட்டார். அது சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு அளவு என்றால் அளவு. மருந்துச் சீட்டில் அரை மில்லி என்றால் அரை மில்லி, கொஞ்சம் கூடக் கொடுத்தால் கூட நல்லதுதானே என்று நான் நினைக்க ஆரம்பித்தால் ஒன்பது வீட்டிலும் அழுகைச் சத்தம்தான் கேட்கும். வண்டியைச் செய்தவன் விவரம் தெரியாமலா சின்னதைப் போட்டான் என்று கேட்டேன். அதற்கு அப்பா சொன்னதைக் கேள். முப்பத்தி நாலு வருஷம் பம்பு கம்பெனி ஸ்டோர்ல சீட்டுல எழுதின நம்பரைத்தான் எடுத்துக் குடுத்தேன், ஒரு தடவைகூட இது வேணாம் அது நல்லா இருக்கும்னு நான் சொன்னதில்ல, சொல்ல எனக்கு உரிமையும் இல்ல, இப்ப ஒரே ஒரு டப்பா நானாப் பார்த்து எடுத்திருக்கேன் சிஸ்டர் என்றார். அவர் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டால் ஒன்று கேலி, இல்லாவிட்டால் கோபம், உனக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டும் இல்லை.

அவசரத்திடம் போய்ப் பஞ்சாயத்து வைத்தேன். அவர் இரண்டு டப்பாவையும் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு டீ குடித்து முடித்துவிட்டுச் சொன்னார், போட்டாலும் இன்ஜின் கெடாது, போடாட்டியும் கெடாது, ஆனா இது ரெண்டு விரல் கீழே தொங்கும், இது குள்ள வண்டி, அக்கா போற தெருவுல எல்லாம் வேகத்தடை மேடு, ஒருநாள் தட்டி ஓட்டை விழுந்துச்சுன்னா ஆயில் பூரா ரோட்டுல, இன்ஜின் அங்கேயே உட்கார்ந்துரும், ஓட்டுறது அக்கா, அக்காவே சொல்லட்டும். நல்ல மனுஷன், பாரத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டார்.

நான் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா கேட்டுக்கொள்வார். சண்டை போடவே மாட்டார், அதுதான் பயம். பேசாமல் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். சரி என்று சொன்னால், என்றாவது ஒருநாள் யார் வீட்டுக்கோ போகிற வழியில் நடுத்தெருவில் நிற்பேன். அதனால் நீ ஒரு வார்த்தை அவருக்கு எழுது. வேண்டாம் என்றே எழுது, ஆனால் அவர் முகம் வாடாதபடி எழுது, உனக்கு அது வரும். இப்போது ஊசிக்கு நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போய் முடித்துத் தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீ எழுத வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

புதன் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது என் பையிலிருந்த மாவுக்கட்டுச் சுருள் ஒன்றைக் காணோம், எலும்பு முறிந்தால் சுற்றுவோமே, அது. தேடினால், அப்பா குளியலறையில் உட்கார்ந்து அதை நனைத்துப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கட்டி செய்துகொண்டிருக்கிறார். பெரிய டப்பா சின்னதைவிட எவ்வளவு நீளமோ அவ்வளவு கனம், ஸ்கேல் வைத்து அளந்து முப்பத்திரண்டு மில்லிமீட்டர். காய்ந்ததும் அதன் மேல் ரப்பர் ஸ்டாம்புக்குப் போடுகிற நீல மையைப் பூசினார், ஸ்டோரிலிருந்து வந்த அந்த மைப்பெட்டி இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் அவசரத்தின் கடைக் குழியில் அப்பாவே இறங்கி, வண்டியில் இருக்கிற சின்ன ஃபில்டரின் அடியில் அதை இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிட்டார். வழக்கம்போல ஒன்பது வீட்டுக்கும் போயிட்டு வா, எங்கயாவது தட்டிச்சுன்னா நீலம் போய் வெள்ளை தெரியும், தெரிஞ்சா பெரிசு வேணாம், தெரியலன்னா போடுவோம், இதுக்கு மேல நான் பேசல என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இனி நான் செய்த கோமாளித்தனத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. முதல் மேடு வந்தது. வழக்கமாக ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போகிறவள்தான். அன்றைக்கு என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. வண்டியைச் சாய்வாக ஏற்றி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி தாண்டினேன். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். மேடு அதிகம் இருக்கிற இரண்டு தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். பெரிய ஃபில்டர் வேண்டாம் என்பவள் நான், அந்தக் கட்டி உடைந்தால் ஜெயிப்பதும் நான், ஆனாலும் உடைந்தால் மனுஷன் திரும்ப நாற்காலிக்குப் போய்விடுவாரே என்ற ஒரே நினைப்பில் ஒன்பது வீட்டுக்கும் அப்படியே ஊர்ந்தேன். சாயங்காலம் குழியில் இறங்கிப் பார்த்தார். முழு நீலம், ஒரு கீறல் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் ஸ்டோர் கீப்பர் கண்ணில் மண் தூவ முடியுமா. மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, நாலாவது வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போன என்று கேட்டார். திருதிருவென்று விழித்தேன். பதினொன்றரைக்கு அந்த வீட்டுப் பையன் நம்ம வீட்டுக்குப் போன் பண்ணினான், சிஸ்டர் இன்னும் வரலையே, ஒரு மணி நேரம் ஆச்சேன்னு என்றார். உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், நீ எனக்காக ஓட்டினா அது சோதனையே இல்ல, அங்க ஒருத்தர் கட்டு ஈரத்தோட காத்துக்கிட்டு இருந்திருக்கார், நாளைக்கு நீ நீயா ஓட்டு, நானும் வர்றேன் என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அந்தப் பெரியவரிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மறுநாள் மழை, அப்பா தள்ளிப்போட்டார், சோதனை சனிக்கிழமைக்குப் போனது.

சனிக்கிழமை காலையில் கீழே போனால் பின் சீட்டில் நாலு தண்ணீர்க் கேன், நிறைய நிறைய. எதுக்கு இது என்றேன். பாரத்தோட பார்க்கணும் என்றார். என் பாரம் ஒரே ஒரு பைதானே என்றேன். அவர் முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் உள்ளே போய்க் கட்டு மாற்றுகிற நேரமெல்லாம் வண்டியிலேயே காத்திருந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளில் எத்தனை படி ஏறுகிறேன் என்று அவர் பார்த்தது அன்றைக்குத்தான். ஏழாவது வீட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட மேடு. என் வழக்கமான வேகத்தில் ஏறினேன், டக் என்று ஒரு சத்தம். இருவரும் இறங்கினோம். மேட்டுக்குப் பக்கத்தில் பாதிக் கட்டி கிடந்தது, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெள்ளை. அப்பா அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மீதி இரண்டு வீட்டுக்கும் அந்தப் பையைத் தடவியபடியே வந்தார்.

வீட்டுக்கு வந்து நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்படியில் நின்று டீ போடுகிறேன், பால் பொங்குவதுகூடத் தெரியவில்லை. பள்ளிக்கூட மேட்டில் கொஞ்சம் மெதுவாக ஏறியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போனால், அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. மடியில் பழைய பில் புத்தகம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தில் கோடு கோடாக எழுதிக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகப் பேர், பக்கத்தில் கிலோமீட்டர். கடைசியில் கூட்டி ஆயிரத்து நூற்றுப் பத்து என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

இந்த வண்டி மூணு வருஷமா நாப்பது கிலோமீட்டருக்கு மேல ஒரே மூச்சா போனதில்ல, அதான் கொஞ்சம் பெரிசாப் போட்டுத் தெம்பா வெச்சுக்கலாம்னு பார்த்தேன், சரி விடு, சின்னதே போதும், புதுசா மாட்டி, கூட ஒண்ணு ஸ்பேர் எடுத்துக்கலாம் என்றார். எங்கே போக என்று கேட்டேன். நான் ஒரு மட்டி, அப்போதும் புரியவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னார், பதினோரு நாள் காய்ச்சலாக் கிடந்திருக்கா, நமக்கு ரெண்டு நாள் வழிதான், போயிருக்கலாம். ரயில் இருக்கிறதே என்றேன். டிக்கெட் கிடைக்கிற வரைக்கும் காய்ச்சல் காத்துக்கிட்டு இருக்குமா, வண்டி ரெடியா நின்னா சொன்ன நிமிஷம் கிளம்பலாம் என்றார்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நீ போனில் அந்தக் காய்ச்சலைச் சொன்ன நாளும், மறுநாள் காலையில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து சாவி கேட்ட நாளும். ஆறு வாரமாக நான் அவர் ஏதோ பொழுதுபோக்கு பிடித்துக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாலு தண்ணீர்க் கேனும் எங்கள் பெட்டி படுக்கையின் பாரம்தான். அப்பா என்னிடம் பேசுவதே இல்லையே, கோபமா என்று போன மாதம் கேட்டாயே, நானும் அதெல்லாம் இல்லை என்று மழுப்பினேனே. கோபம் இல்லை கண்ணு. உன்னிடம் சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை, அதனால் குழிக்குள் இறங்கி வண்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு நன்றாக அழுதேன். அவர் பயந்துபோய், சிஸ்டர், உனக்கு பிரஷர் பார்க்கணுமா என்று கேட்டார்.

இன்றைக்குக் காலையில் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற அதே அளவு ஃபில்டரை அப்பாவே மாட்டினார். அவசரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்து, புது வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினார். இன்ஜினை ஓடவிட்டுக் கீழே பேப்பர் விரித்துப் பார்த்தோம், ஒரு சொட்டுக்கூட இல்லை. சார் கை சுத்தம் என்று அவசரம் சொன்னதை அதற்குள் அப்பா என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார். மேஜையிலிருந்த பெரிய டப்பாவை அதே கம்பெனி வேனில் ரொட்டி கொண்டுபோகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார், அது பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ஊறுகாய் பாட்டில் மட்டும் தனியாக நிற்கிறது.

ஆகையால் மகளே, அடுத்த காய்ச்சல் வரைக்கும் காத்திருக்க எங்களால் முடியாது, உடம்பு நன்றாக இருக்கும்போதே உன்னைப் பார்க்க வருகிறோம். அடுத்த மாதம் ஒன்பது நாள் லீவு கேட்டிருக்கிறேன், என் வீடுகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நர்ஸ் ஒத்துக்கொண்டாள். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு, இருநூறு என்று தூரம் ஓட்டிப் பழகப் போகிறேன். நான் ஓட்டுவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவார், நான் அவர் சொன்ன வழியில் போகமாட்டேன், இரண்டு நாள் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. உன் வீடு சின்னது என்று நீ இழுப்பாய், தரையில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். வரவேண்டாம் என்று மட்டும் எழுதாதே, இந்த மனிதரை மறுபடி அந்த நாற்காலியில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. தலை ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி அண்டாமல், மனம் நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. தெர்மாமீட்டரை மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். நான் இவ்வளவு எழுதினதைப் படித்துவிட்டு, பேனாவை வாங்கிக் கீழே ஸ்டோர் கையெழுத்தில் இரண்டே வரி எழுதியிருக்கிறார்.)

உன் தெருவில் வேகத்தடை எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று அளந்து எழுதவும்.
காய்ச்சல் வந்தால் முதல் நாளே சொல்லவும். — அப்பா